கிராமத்து கவுன்ட்டியில திவால் கேஸ் ரெக்கார்ட்: எங்க தேடணும், எப்படிப் படிக்கணும்

அமெரிக்காவுல ஒரு சின்ன கவுன்ட்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிற ஒருத்தர் பேங்க்ரப்ட்சி, அதாவது திவால், போட்டுட்டார்னு காதுல விழுந்தா, நிறைய பேர் நேரா போய் நிக்கிறது அந்த ஊர் கவுன்ட்டி கோர்ட்லதான். நம்ம ஊர்ல "ஐபி போட்டுட்டான்", "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்"னு பேச்சு வந்தா பக்கத்து டவுன் சப் கோர்ட்ல விசாரிச்சாலே விஷயம் தெரிஞ்சிடும், அந்தப் பழக்கத்துல இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு தோணும். ஆனா கவுன்ட்டி ஆஃபீஸ்ல இருக்கறவங்க "அது எங்ககிட்ட இல்லைங்க"ன்னு கைய விரிச்சிடுவாங்க. அவங்க சொல்றது சரிதான். அமெரிக்காவுல திவால் கேஸ் முழுக்க ஃபெடரல் கோர்ட் (மத்திய அரசோட கோர்ட்) விஷயம், திவால் சட்டம் போடுற அதிகாரத்த அரசியலமைப்புச் சட்டமே காங்கிரஸுக்கு, அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு, குடுத்திருக்கு, அதனால மாநில கோர்ட்லயோ கவுன்ட்டி கோர்ட்லயோ இந்தக் கேஸப் போடவே முடியாது.

ஒரு நிஜமான இடத்த வச்சே பேசுவோம். நெப்ராஸ்கா மாநிலத்துல செர்ரி கவுன்ட்டின்னு ஒண்ணு இருக்கு, தலைநகரம் வேலன்டைன். பரப்பளவுல கனெக்டிகட் மாநிலத்தையே விட பெருசு, ஆனா மொத்த ஜனத்தொகை 6,000 கூட கிடையாது. மணல் மேடும் புல்லுமா இருக்கிற சேண்ட்ஹில்ஸ் பகுதி அது, மாடு வளர்க்கிறதுதான் பிழைப்பு. நாடு முழுக்க 94 ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் (ஃபெடரல் கோர்ட்களோட எல்லைப் பிரிவு) இருக்கு, பெரிய மாநிலங்கள்ல மூணு நாலு டிஸ்ட்ரிக்ட் கூட இருக்கும், ஆனா நெப்ராஸ்காவோட 93 கவுன்ட்டிக்கும் சேர்த்து ஒரே டிஸ்ட்ரிக்ட்தான். அந்த பேங்க்ரப்ட்சி கோர்ட்டோட க்ளார்க் ஆஃபீஸ் ஒமாஹாவுலயும் லிங்கன்லயும் இருக்கு. வேலன்டைன்லருந்து ஒமாஹா போகணும்னா சுமார் 300 மைல். ஒரு ஃபைலப் பாக்கறதுக்காக இவ்ளோ தூரம் வண்டி ஓட்டணுமான்னா, வேண்டாம், வீட்டுல உக்காந்தே எல்லாம் பாக்கலாம், அதச் சொல்லத்தான் இத எழுதறேன்.

இந்த ரெக்கார்டெல்லாம் ஏன் யார் வேணா பாக்கற மாதிரி வச்சிருக்காங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ஒருத்தர் கடன அடைக்க முடியலன்னு கோர்ட்டுக்கு வந்துட்டா, அவருக்குக் கடன் குடுத்த எல்லாருக்கும், பெரிய பேங்க்ல ஆரம்பிச்சு வைக்கோல் வித்த பக்கத்து தோட்டக்காரர் வரைக்கும், என்ன சொத்து இருக்கு யாருக்கு எவ்ளோ போகுதுன்னு தெரியணும், எவனாவது ஒருத்தன் மட்டும் முன்னாடி புகுந்து அள்ளிட்டுப் போயிடக் கூடாது. அதுக்காகத்தான் திவால் சட்டத்தோட 107வது பிரிவு இந்த ஃபைல்களப் பொது ஆவணம்னு சொல்லுது. ஊர்ல ஒருத்தரப் பத்தி வம்பு பேசறதுக்காகத் தொறந்து வைக்கல. ஆயிரம் பேர் கூட இல்லாத ஊர்கள்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அரைகுறையா படிச்சுட்டு ஒரு வார்த்தை சொன்னா அது அந்தக் குடும்பத்த வருஷக்கணக்குல துரத்தும். அதனால தேடக் கத்துக்கற அளவுக்குப் படிக்கவும் கத்துக்கணும்னு நான் ரொம்ப உறுதியா நினைக்கிறேன்.

சரி, தேடறது. ஃபெடரல் கோர்ட்களோட ஆன்லைன் சிஸ்டத்துக்குப் பேரு பேசர் (PACER). யார் வேணா அக்கவுன்ட் தொறக்கலாம், வக்கீலா இருக்கணும்னு இல்ல, சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, அக்கவுன்ட்டுக்குக் காசும் இல்ல. பாக்கற பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமென்ட் எத்தன பக்கம் இருந்தாலும் அதிகபட்சம் 3 டாலர், ஆனா பேர் போட்டுத் தேடற ரிசல்ட்டுக்கு இந்த 3 டாலர் வரம்பு கிடையாது, தேடி ஒண்ணுமே கிடைக்கலன்னாலும் ஒரு பக்கம்னு 10 சென்ட் கணக்குல ஏறும். பயப்பட வேண்டாம், மூணு மாசக் கணக்குல 30 டாலரோ அதுக்குக் கம்மியாவோ இருந்தா பில்லே வராது, முழுசா தள்ளுபடி. 30ஐத் தாண்டினா மட்டும் மொத்தத்தையும் கட்டணும். ஒண்ணு ரெண்டு கேஸ் பாக்கற சாதாரண ஆளுக்கு இது கிட்டத்தட்ட இலவசம்தான். கூகுள்ல தேடினா முதல்ல வர்ற பேக்கிரவுண்ட் செக் சைட்டுங்களுக்கு மாசச் சந்தா கட்டறது சுத்த வீண், அவங்களும் இதே பொது ரெக்கார்டத்தான் எடுத்து, பாதி விவரத்த விட்டுட்டு, பழசா விக்கிறாங்க.

பேசர் உள்ள போனதும் நெப்ராஸ்கா கோர்ட்ட நேரா தொறக்காதீங்க, கேஸ் லொக்கேட்டர்ங்கிற நாடு தழுவின தேடல்ல ஆரம்பிங்க. ஏன்னா கேஸ் எங்க போடணும்கிறது பெரும்பாலும் கடைசி 180 நாள்ல அவர் அதிகமா எங்க குடியிருந்தாரோ அதப் பொறுத்தது, நிலம் செர்ரி கவுன்ட்டியில இருந்தும் ஆள் சவுத் டகோட்டாவுக்குக் குடி போயிருந்தா கேஸ் அங்க இருக்கலாம், வேலன்டைன்லருந்து வடக்க கொஞ்சம் போனாலே மாநில எல்லை வந்துடும். கம்பெனி பேர்லயும் தேடுங்க, இப்ப நிறைய பண்ணை எல்எல்சி (ஓனர்லருந்து தனியா நிக்கிற ஒரு கம்பெனி வகை) பேர்லதான் இருக்கு, எல்எல்சி திவாலானதும் அதோட ஓனர் திவாலானதும் ஒண்ணு இல்ல, ரெண்டும் தனித்தனி கேஸ்.

பேர்லதான் பெரிய ஆபத்தே இருக்கு. கிராமத்துல அப்பாவும் பையனும் ஒரே பேர வச்சுக்கிட்டு சீனியர் ஜூனியர்னு இருப்பாங்க, ஒரே கவுன்ட்டியில ஒரே குடும்பப் பேர்ல நாலு வீடு இருக்கும். பெட்டிஷனத் தொறந்து முகவரியும், கடைசி 8 வருஷத்துல அவங்க உபயோகிச்ச மத்த பேர்களும், சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி 4 இலக்கமும் பொருந்துதான்னு பாருங்க. முழு நம்பர் பொது ஃபைல்ல இருக்காது, பேங்க் அக்கவுன்ட்டுக்கும் கடைசி 4 இலக்கம்தான், குழந்தைங்க பேருக்கு இனிஷியல் மட்டும்தான், அது விதி. இதப் பொருத்திப் பாக்காம "அவர்தான்"னு முடிவு பண்றது பெரிய பாவம்.

பேசர் இல்லாமயும் வழி இருக்கு. 866-222-8029ங்கிற டோல் ஃப்ரீ நம்பருக்குக் கூப்பிட்டா கம்ப்யூட்டர் குரல் பேசும், மாநிலத்தச் சொல்லி, பேரோ கேஸ் நம்பரோ குடுத்தா எந்த சாப்டர் (திவால் சட்டத்துல எந்த வகைக் கேஸ்), எப்ப போட்டது, இப்ப என்ன நிலைமைன்னு அடிப்படை விவரத்த இலவசமா சொல்லிடும். இன்டர்நெட் சரியா இல்லாத இடத்துல இது ரொம்ப உதவி. கோர்ட்லிஸனர்னு ஒரு லாப நோக்கம் இல்லாத தளம் இருக்கு, ரீகேப்ங்கிற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டவங்க பேசர்ல வாங்கின டாக்குமென்ட்டெல்லாம் அங்க சேரும், நீங்க தேடற கேஸ வேற யாராவது முன்னாடியே எடுத்திருந்தா அங்க சும்மாவே கிடைக்கும், ஆனா சின்ன கவுன்ட்டி கேஸ் அங்க இருக்கிறது அதிர்ஷ்டத்தப் பொறுத்தது. நீங்களே ஒமாஹா பக்கமோ லிங்கன் பக்கமோ போற வேலை இருந்தா க்ளார்க் ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து இலவசமா பாக்கலாம், பிரின்ட் எடுத்தா மட்டும் பக்கத்துக்கு 10 சென்ட்.

அப்ப கவுன்ட்டி ஆஃபீஸ் வேஸ்ட்டான்னு கேட்டா, இல்லவே இல்ல. நிலப் பத்திரம், அந்த நிலத்து மேல இருக்கிற அடமானம், வரி பாக்கிக்கான லீன் (பாக்கிக்காக சொத்து மேல வைக்கிற உரிமை), ஷெரிஃப் ஏலம், இதெல்லாம் கவுன்ட்டி மட்டத்துலதான் இருக்கும். திவால் ஃபைல்ல ஒருத்தர் தன் நிலத்தப் பத்தி என்ன சொல்லியிருக்காரோ அத கவுன்ட்டி நில ரெக்கார்டோட வச்சுப் பாத்தாதான் படம் முழுசாகும். சில கேஸ்ல, திவால் போட்டாச்சுங்கிற நோட்டீஸையே நில ரெக்கார்ட்ல பதிஞ்சு வச்சிருப்பாங்க, தெரியாம யாராவது நிலத்த வாங்கிடக் கூடாதுன்னு.

இனிமே படிக்கிற பகுதி. கேஸ் நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் வருஷம், நெப்ராஸ்காவுல அடுத்து வர்ற இலக்கம் 8ன்னா ஒமாஹா, 4ன்னா லிங்கன். அதுக்கப்புறம் எந்த சாப்டர்னு பாருங்க. சாப்டர் 7ன்னா சட்டம் விட்டு வைக்கிற சொத்து போக மீதி ஏதாவது இருந்தா டிரஸ்டி (கேஸ மேற்பார்வை பாக்க நியமிக்கப்பட்டவர்) வித்துக் கடன் குடுத்தவங்களுக்குப் பங்கு போடுவார், பெரும்பாலும் விக்க ஒண்ணும் இருக்காது, அப்படின்னா போட்டதுலருந்து சுமார் நாலு மாசத்துல முடிஞ்சிடும். சாப்டர் 13ன்னா மாச வருமானத்துலருந்து மூணுலருந்து அஞ்சு வருஷம் கட்டற திட்டம். சாப்டர் 11 பெரும்பாலும் தொழில் நடத்தறவங்களுக்கு.

கிராமத்து கவுன்ட்டியில நீங்க தனியா தெரிஞ்சுக்க வேண்டியது சாப்டர் 12, விவசாயக் குடும்பங்களுக்கான திவால் முறை. 1980கள்ல வட்டி ஏறி, நில விலை சரிஞ்சு, அயோவா நெப்ராஸ்கா பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையா இருந்த பண்ணைங்க ஏலத்துக்குப் போச்சு, அப்ப அயோவா செனட்டர் சக் கிராஸ்லி முன்ன நின்னு 1986ல கொண்டு வந்தது இது. தற்காலிகம்னுதான் ஆரம்பிச்சாங்க, திரும்பத் திரும்ப நீட்டிச்சு, 2005ல நிரந்தரமாக்கினாங்க, 2019ல கடன் வரம்ப 1 கோடி டாலரா உயர்த்தினாங்க, அதுக்கப்புறம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி இன்னும் ஏறியிருக்கு. இது மாசச் சம்பளக்காரங்களுக்கான சட்டம் இல்ல. மாட்டுக்காரங்களுக்கு வருமானம் வர்றது இலையுதிர் காலத்துல கன்னுக்குட்டி விக்கும்போது, வருஷத்துக்கு ஒருக்கா, அந்தத் தாளத்துக்கு ஏத்த மாதிரி கட்டலாம். ஒரு ஃபைல்ல சாப்டர் 12ன்னு பாத்தா, இவர் பண்ணைய விட்டுட்டு ஓடல, அதக் காப்பாத்தப் போராடறார்னு எடுத்துக்கலாம்.

அடுத்தது டாக்கெட், கேஸ்ல நடந்த ஒவ்வொண்ணோட பட்டியல். தேதி, நம்பர், என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி, இவ்ளோதான். இத எல்லாரும் மேலருந்து படிக்கிறாங்க, நான் சொல்றது கடைசி வரியிலருந்து படிங்க. ஏன்னு ஒரு கற்பனை கேஸ வச்சுக் காட்டறேன். ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் மார்ச் மாசம் சாப்டர் 12 போடறார். ரெண்டாவது வாரமே "மோஷன் டு யூஸ் கேஷ் கொலாட்டரல்"னு ஒரு வரி. மாடுங்க பேங்க்ல அடமானம், அதனால மாடு வித்த காசும் பேங்க்கோட அடமானம்தான், அந்தக் காசுல தீவனம் வாங்கணும்னா கூட பேங்க் சம்மதிக்கணும், இல்ல ஜட்ஜ் அனுமதி குடுக்கணும், அதத்தான் கேக்கறார். அடுத்த வரி பேங்க்கோட "அப்ஜெக்ஷன்", அதாவது ஆட்சேபம். ஏதோ திருட்டு வேலை பண்ணிட்டார் போலன்னு படிக்கிறவங்களுக்குத் தோணும், ஆனா இது வழக்கமா நடக்கிற இழுபறி, பேங்க் தன் அடமானத்தப் பாதுகாக்குது, அவ்ளோதான். 90 நாளுக்குள்ள திட்டம் தாக்கல் ஆகும், அதுக்கும் அப்ஜெக்ஷன், அப்புறம் "ஆர்டர் கன்ஃபர்மிங் பிளான்", அதாவது திட்டத்த கோர்ட் ஏத்துக்கிச்சு. ரெண்டாவது வருஷம் "டிரஸ்டிஸ் மோஷன் டு டிஸ்மிஸ்", அதாவது தவணை வரல, கேஸத் தள்ளிடுங்கன்னு டிரஸ்டி கேக்கறார். ஒருத்தர் இந்த இடத்துல படிக்கிறத நிறுத்திட்டு ஊர் பூரா "அவரு கதை முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டா என்ன ஆகும்? அடுத்த மாச வரியில "வித்ட்ரான்" (வாபஸ்)னு இருக்கும், கன்னுக்குட்டி வித்துப் பாக்கியக் கட்டிட்டார். நாலாவது வருஷம் "டிஸ்சார்ஜ்". அந்தக் கடைசி வரிதான் அந்தக் கேஸோட உண்மை.

மூணு வார்த்தையக் குழப்பிக்கவே கூடாது. டிஸ்சார்ஜ்னா கோர்ட் கடன்லருந்து விடுவிச்சிடுச்சு, இனி அந்தக் கடனுக்காக அவரக் கேக்க முடியாது. டிஸ்மிஸ்னா கேஸ் தள்ளுபடி, கடன் அப்படியே நிக்குது. க்ளோஸ்டுன்னா ஃபைல மூடியாச்சு, அது டிஸ்சார்ஜ் ஆகியும் மூடலாம் டிஸ்மிஸ் ஆகியும் மூடலாம், அதனால "க்ளோஸ்டு"ங்கிறத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, டிஸ்சார்ஜ் ஆனாலும் நிலத்து மேல இருக்கிற அடமானம் பொதுவா தானா போயிடாது, ஆள் விடுதலை ஆனாலும் நிலம் கட்டுண்டுதான் கிடக்கும், நிலம் வாங்கப் போறவங்க இத நல்லா மனசுல வச்சுக்கணும். குழந்தைக்கான ஜீவனாம்சம், மோசடியால வந்த கடன், பெரும்பாலான ஸ்டூடன்ட் லோன் மாதிரி சிலது டிஸ்சார்ஜ்லயும் போகாது.

டாக்கெட்டுக்கு அப்புறம் ஷெட்யூல்கள், கேஸ் போட்டவர் குடுக்கற சொத்து, கடன் பட்டியல்கள். ஏ-பியில சொத்து, சீல அதுல சட்டம் விட்டு வைக்கிறது எது, டீயில அடமானக் கடன், ஈ-எஃப்ல அடமானம் இல்லாத கடன், ஐயில வருமானம், ஜேயில செலவு. தனிநபரோட ஏ-பி ஃபார்மத் தொறந்து பாத்தா மனசு கனத்துப் போகும். வீடு, வண்டிக்கு அப்புறம் வீட்டுச் சாமான், டிவி, துப்பாக்கி, துணிமணி, நகைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி, நாய் பூனை குதிரைக்குன்னு கூட தனியா ஒரு வரி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு டாலர் கணக்கு எழுதணும். ஆறாவது பகுதி முழுக்க விவசாயத்துக்கு: பண்ணை விலங்கு, பயிர், கருவி, தீவனம். ஒரு குடும்பம் தன்னோட கோழி வரைக்கும் எண்ணி, பொய் சொன்னா தண்டனைன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போட்ட பக்கம் அது, அந்த மரியாதையோட படிக்கணும்.

ஷெட்யூல்ல இருக்கிற விலையெல்லாம் அவங்களே போட்ட மதிப்பீடு, மார்க்கெட் விலைன்னு எடுத்துக்காதீங்க. கடன் பட்டியல்ல கன்டிஞ்சென்ட் (ஏதாவது நடந்தாதான் வர்ற கடன்), அன்லிக்விடேட்டட் (தொகை முடிவாகாத கடன்), டிஸ்ப்யூட்டட்னு மூணு கட்டம் இருக்கும், டிஸ்ப்யூட்டட்ல டிக் இருந்தா அந்தக் கடன அவர் ஒத்துக்கவே இல்லன்னு அர்த்தம். நிஜமா யார் எவ்ளோ கேக்கறாங்கன்னு பாக்கணும்னா க்ளெய்ம்ஸ் ரெஜிஸ்டர்னு தனியா ஒண்ணு இருக்கு, அதையும் தொறங்க. எனக்கு ரொம்ப உபயோகமாப் படறது ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபைனான்ஷியல் அஃபேர்ஸ்ங்கிற பகுதி. கடைசி 90 நாள்ல யாருக்குப் பெரிய தொகை கட்டினாரு, கடைசி ஒரு வருஷத்துல சொந்தக்காரங்களுக்கு ஏதாவது திருப்பிக் குடுத்தாரா, ரெண்டு வருஷத்துல எந்தச் சொத்த யார் பேருக்கு மாத்தினாரு, என்ன வழக்கெல்லாம் நடந்துச்சு, எல்லாம் அங்க இருக்கும். ஒரு பண்ணை எப்படிச் சரிஞ்சுதுன்னு தேதி வாரியா புரியறது இங்கதான்.

341 மீட்டிங்னு டாக்கெட்ல ஒரு வரி வரும், அது கோர்ட் விசாரணை இல்ல, ஜட்ஜும் வர மாட்டார், டிரஸ்டி சத்தியப் பிரமாணம் வாங்கிக்கிட்டுக் கேள்வி கேப்பார், கடன் குடுத்தவங்களும் கேக்கலாம். இப்ப பெரும்பாலும் ஜூம்ல நடக்குது, 300 மைல் தள்ளி இருக்கறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு சொல்லத் தேவையில்ல.

தாத்தா காலத்துக் கேஸ் தேடறவங்களுக்கு ஒரு வார்த்தை. பேசர்ல பழைய பேப்பர் ஃபைலெல்லாம் கிடைக்காது, நெப்ராஸ்காவோட பழைய ஃபெடரல் கோர்ட் ஆவணங்கள் கன்சாஸ் சிட்டியில இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும், எல்லாக் கேஸையும் காலத்துக்கும் வச்சிருக்கறதும் இல்ல. 1930கள் பஞ்ச காலத்துக் கேஸ்ல ஃப்ரேசியர்-லெம்கே சட்டம்னு கண்ணுல பட்டா, விவசாயிங்க நிலத்தக் காப்பாத்த 1934ல வந்த சட்டம் அது, 1935ல சுப்ரீம் கோர்ட் அடிச்சுடுச்சு, மாத்தி எழுதினத 1937ல ஏத்துக்கிச்சு.

இந்த ரெக்கார்ட வச்சு என்ன பண்ணக் கூடாதுன்னும் தெரிஞ்சிருக்கணும். கேஸ் போட்ட நிமிஷத்துலருந்து ஆட்டோமேட்டிக் ஸ்டே வந்துடும், கடன் குடுத்தவர் ஃபோன் பண்ணி மிரட்டறது, வண்டிய இழுத்துட்டுப் போறது எதுவும் கூடாது, ஃபைலப் பாத்துட்டு கடனக் கேட்டு அவர் வீட்டு வாசல்ல போய் நின்னா உங்க மேலயே கோர்ட் நடவடிக்கை வரும். கேஸ் போட்டவங்களும் ஜாக்கிரதையா இருக்கணும், இந்தப் பொது ரெக்கார்டலருந்து வக்கீல் பேரையும் கடன் குடுத்தவங்க பேரையும் எடுத்துக்கிட்டு "உங்க வக்கீல் ஆஃபீஸ்லருந்து பேசறோம், உடனே இந்த அக்கவுன்ட்டுக்குப் பணம் அனுப்புங்க"ன்னு ஏமாத்தற கும்பல் இருக்கு. அப்படி ஃபோன் வந்தா வச்சுட்டு, உங்ககிட்ட ஏற்கனவே இருக்கிற வக்கீல் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.

கடைசியா, கடன் குடுத்தவங்க பட்டியல்ல உங்க பேரே இருந்தா சும்மா இருந்துடாதீங்க. கோர்ட்லருந்து தபால்ல வர்ற நோட்டீஸ்ல கடைசித் தேதி போட்டிருக்கும், சாப்டர் 12லயும் 13லயும் பொதுவா கேஸ் போட்ட நாள்லருந்து 70 நாள், அதுக்குள்ள 410ங்கிற ஃபார்ம்ல ப்ரூஃப் ஆஃப் க்ளெய்ம், அதாவது எனக்கு இவ்ளோ வரணும்ங்கிற மனு, போடணும். வக்கீல் கட்டாயம் இல்ல, ஃபீஸும் இல்ல, உங்க பில் காப்பியோ ஒப்பந்தக் காப்பியோ சேர்த்து அனுப்பினா போதும். சாப்டர் 7ல சொத்து எதுவும் இல்லன்னா "இப்போதைக்கு க்ளெய்ம் போட வேண்டாம்"னு நோட்டீஸ்லயே எழுதியிருக்கும், பின்னாடி டிரஸ்டிக்கு ஏதாவது சொத்து கிடைச்சா புதுத் தேதி போட்டு இன்னொரு நோட்டீஸ் வரும், அதனால உங்க முகவரி மாறினா அந்தக் கேஸ் நம்பரக் குறிப்பிட்டு க்ளார்க் ஆஃபீஸுக்கு எழுதிப் போட்டுடுங்க.